மேடைக்கு இந்தப் பக்கம்

போன வருடம் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டினோம். இருபத்திரண்டு வருடம் புழங்கிய கடப்பாக்கல் மேடை நடுவில் விரிசல் விட்டிருந்தது. அடியில் இருந்த அலமாரிக் கதவுகளைக் கரையான் தின்றிருந்தது. கணவரும் நானும் மாடுலர் கிச்சன் செய்து தரும் ஒரு கடைக்குப் போனோம். டிசைனர் தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். கணினித் திரையில் எங்கள் சமையலறையை வரைந்து சுற்றிச் சுற்றிக் காட்டினார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவர் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் கிரானைட் பதித்த நீளமான கூடுதல் மேடை. பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் என்றார். அதன் கூடத்துப் பக்கத்தில் மூன்று உயரமான ஸ்டூல்கள். அந்த ஸ்டூல்களுக்கு மட்டும் தனி ஆல்பம் வைத்திருந்தார். சாய்மானம் உள்ளது, இல்லாதது, சுழல்வது, ஏறி இறங்குவது.

"சார் இங்க உக்காந்து காபி குடிச்சிட்டே பேப்பர் படிக்கலாம். பசங்க லேப்டாப் வச்சுக்கலாம். மேடம் தோசை சுட்டு அப்படியே சூடா இந்தப் பக்கம் தள்ளிடலாம்."

படத்தில் நானும் இருந்தேன். அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் உருவம் நின்றுகொண்டிருந்தது.

"நான் எங்க உக்கார்றது தம்பி?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "நீங்க சமைப்பீங்கல்ல மேடம்?" என்றார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளின் மனதில் இருப்பதை அவர் அளவு பிசகாமல் வரைந்து காட்டினார், அவ்வளவுதான். சாப்பிடுகிறவருக்கு இருக்கை, சமைக்கிறவளுக்கு நிற்குமிடம். லட்சக்கணக்கில் செலவு செய்து, சுவரை இடித்து, ஒரு புது மேடையே கட்டிய பிறகும் இந்த ஏற்பாடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இருக்கைகள் எல்லாம் மேடைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. சின்ன விஷயமாகத் தெரிகிறதா? கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று தெரியும்.

உட்கார்ந்து வேலை செய்வது நம் சமையலறைக்குப் புதிதல்ல. என் பாட்டியின் அடுப்படியில் எல்லாமே தரையில்தான் நடந்தது. அரிவாள்மனை, அம்மி, ஆட்டுக்கல், முறம், தேங்காய்த் துருவி எல்லாம் உட்கார்ந்து புழங்குகிறவளுக்காகவே செய்யப்பட்டவை. இதைச் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். விறகுப் புகையில் பாட்டியின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். ஆட்டுக்கல்லில் ஆட்டி ஆட்டி அவள் தோள்பட்டை இறங்கியே போயிருந்தது. தரையில் குனிந்து நிமிர்ந்து பரிமாறிய முதுகு கடைசிவரை நிமிரவில்லை. யார் அந்த அடுப்படிக்குள் கால் வைக்கலாம், எந்த மூன்று நாள் வைக்கக் கூடாது என்ற சட்டங்களும் அதே தரையில்தான் எழுதப்பட்டிருந்தன. எரிவாயு அடுப்பும் மிக்ஸியும் கிரைண்டரும் வந்து பெண்ணைத் தரையிலிருந்து எழுப்பின. அது விடுதலையின் ஒரு படிதான். அதை நான் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

ஆனால் எழுந்தவளை மறுபடி உட்கார யாரும் அழைக்கவில்லை. புகை போனது, அம்மி போனது, அவற்றோடு உட்கார்வதும் போய்விட்டது. சமையலில் எது எது நின்றுதான் செய்ய வேண்டியது என்று எண்ணிப் பாருங்கள். தாளிப்பது, கிளறுவது, வடிப்பது, தோசை வார்ப்பது. மற்றவை? சின்ன வெங்காயம் உரிப்பது, பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, முருங்கைக்கீரை உருவுவது, மீன் சுத்தம் செய்வது, தேங்காய் துருவுவது, மாவு பிசைவது, சப்பாத்தி தேய்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது. இவற்றில் ஒன்றையாவது நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்று விதி உண்டா? அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை நின்றுகொண்டு உரித்தவளுக்குத் தெரியும், எரிவது கண் மட்டும் இல்லை, குதிகாலும்தான் என்று. இதிலும் கொடுமை, அதே மேடையில் நின்றபடியே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் சாப்பிட்டு முடிப்பது. எல்லோருக்கும் சுட்டுப் போட்டபின் கடைசித் தோசையை, கல் ஆறுவதற்குள்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு கணக்கைச் சொல்கிறது. சொந்த வீட்டில் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். அந்த வேலையைத் தொடுகிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். தொடுகிற ஆண்களே 100க்கு 26 பேர்தான். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. அத்தனையும் சமையலறையில் கழிவதில்லை, துணியும் தரையும் உண்டு. ஆனால் பெரும்பகுதி எங்கே கழிகிறது என்பதை நம் கால்களிடம் கேட்கலாம்.

இதே வேலையை ஒரு கடையில் செய்தால் கதை வேறு. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் பல வருடம் போராடினார்கள். நாள் முழுக்க நிற்க வைத்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூடத் திட்டும் அபராதமும் விழுந்தன. கழிப்பறைக்காகத் தொடங்கிய குரல் 'உட்காரும் உரிமை' என்ற கோரிக்கையாக வளர்ந்தது. 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தன் 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருக் கடைகளின் வாழ்க்கையை 'அங்காடித் தெரு' 2010இல் திரையில் காட்டியபோது கண் கலங்கியவர்கள் நாம். நீண்ட நேரம் நிற்பது காலில் நரம்பு சுருட்டிக்கொள்ள ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னால் தலையாட்டுகிறவர்களும் நாம்தான்.

அந்தச் சட்டம் நம் வீட்டு வாசற்படியில் நின்றுவிடுகிறது. வீடு கடை இல்லை, இல்லத்தரசி ஊழியர் இல்லை. சட்டம் வராத இடத்துக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய விதிதான் இந்த நாற்காலி.

சமைப்பவளுக்கு இருக்கை என்பது நாகரிகச் சமையலறைக்குப் பொருந்தாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு. இன்று நம் ஊரில் மாடுலர் என்று விற்கப்படும் சமையலறைக்கு மூதாதை, 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வரையப்பட்ட சமையலறை. வரைந்தவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி. பின்னாளில் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்ற பெண். ஏறக்குறைய ஆறேகால் அடி அகலம், பதினோரு அடி நீளம். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. ஜன்னலுக்குக் கீழே வெட்டுப்பலகை, காய்த்தோலைத் தள்ளிவிட ஒரு வழி, அதற்கு முன்னால் சுழலும் ஸ்டூல் ஒன்று. அந்த ஸ்டூல் சமைக்கிறவளுக்கு! வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிப் பெண்ணின் நேரத்தையும் உடம்பையும் மிச்சப்படுத்துவதுதான் வடிவமைப்பின் நோக்கம் என்பதால் இருக்கையும் அதன் பகுதியானது.

அந்தச் சமையலறை குறையற்றதல்ல. ஒரே ஒருத்திக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இன்னொருவர் உள்ளே வந்தால் திரும்ப இடமில்லை. அவளை வீட்டிலிருந்து பிரித்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டது என்று 1970களின் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம். ஆனால் நூறு வருடத்தில் நமக்கு வந்து சேர்ந்தது என்ன? வரிசையாய் அடுக்கிய அலமாரிகள் வந்தன, ஒட்டிய மேடை வந்தது, இழுப்பறைகள் வந்தன. ஒருத்திதான் சமைப்பாள் என்ற எண்ணமும் பத்திரமாக வந்தது. ஸ்டூல் மட்டும் மேடைக்கு அந்தப் பக்கம் தாவிவிட்டது.

சுவரை இடித்துச் சமையலறையைத் திறந்துவிட்டால் பெண் தனிமையிலிருந்து மீள்கிறாள், எல்லோரோடும் பேசிக்கொண்டே சமைக்கலாம் என்கிறார்கள். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அதற்கு விலை கிடைக்கிறது. நானும் அதற்கு ஆசைப்பட்டேன். ஆனால் சுவர் போவதால் வேலை போவதில்லை. முன்பு கூடத்திலிருந்து "காபி" என்று குரல் வரும். இப்போது மூன்றடி தூரத்திலிருந்து வரும். முன்பு கழுவாத பாத்திரத்தைக் கதவு மறைத்தது. இப்போது விருந்தாளி கண்ணில் படாமலிருக்க உடனுக்குடன் துடைக்க வேண்டும். மேடை என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு அல்லவா? அந்தப் பக்கம் மூன்று ஸ்டூலில் பார்வையாளர்கள், இந்தப் பக்கம் ஒருத்தி நின்று நடத்தும் நிகழ்ச்சி. கைதட்டல்கூடக் கிடையாது, "உப்பு கொஞ்சம் கம்மி" என்ற விமர்சனம் மட்டும்.

அந்த உயரமான ஸ்டூலில் சமைக்கிறவளே ஏறி உட்கார்ந்துகொள்ளலாமே என்று என் தம்பி மனைவி கேட்டாள். 42 அங்குல மேடைக்கு 30 அங்குல ஸ்டூல் வேண்டும். ஐந்தடிப் பெண் அதில் ஏறினால் கால் தொங்கும். புடவையோடு ஏறி இறங்குவது தனிச் சர்க்கஸ். மூட்டுவலிக்காரிக்கு அது எட்டாத கொம்பு. அந்த ஸ்டூல் பத்து நிமிடம் காபி குடிப்பவருக்கானது, ஒரு மணி நேரம் வெங்காயம் உரிப்பவளுக்கானதல்ல.

நாற்காலி கேட்டதும் எனக்கு வந்த மறுப்புகள் மூன்று.

முதலாவது, இடமில்லை. ஏழுக்கு ஒன்பது சமையலறையில் நாற்காலி எங்கே போடுவாய்? நியாயமான கேள்விபோல இருக்கும். அதே ஏழுக்கு ஒன்பதில் இரட்டைக் கதவு குளிர்சாதனப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. மைக்ரோவேவுக்கும் வருடம் ஒரு முறை எடுக்கும் பித்தளை அண்டாவுக்கும் இடம் கிடைத்தது. இடம் என்பது யாருக்காகத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது, உட்கார்ந்து சமைப்பது சோம்பேறித்தனம். இதைச் சொன்னவர் ஒரு பெண், என் பெரியம்மா. தையல்காரர் உட்கார்ந்துதான் தைக்கிறார். வங்கிக் காசாளர் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறார். நீதிபதி உட்கார்ந்துதான் தூக்குத் தண்டனையே எழுதுகிறார். அவர்களை யாரும் சோம்பேறி என்பதில்லை. வீட்டு வேலைக்கு மட்டும் வேலை செய்வதோடு வருத்திக்கொள்வதும் தெரிய வேண்டும். நிற்பது அதற்கு நிரூபணம். பெரியம்மா ஐம்பது வருடம் அப்படி நிரூபித்து, இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது மறுப்பு நம் தோழிகளிடமிருந்து வந்தது. அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "பெண்ணைச் சமையலறையிலிருந்து வெளியே கொண்டுவருவதுதானே நம் அரசியல்? நீ அங்கே நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறாயே!" அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மூலையை வசதி செய்து கொடுப்பது சிறைக்கு வெள்ளையடிப்பதாகத் தோன்றலாம். ஆனால் எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளியிடம், முதலாளித்துவம் ஒழியும்வரை பதினான்கு மணி நேரம் உழைத்துக்கொண்டிரு என்று யாரும் சொல்லவில்லையே. கோழிக்கோட்டுப் பெண்கள் ஸ்டூல் கேட்டபோது துணிக்கடையைக் கொண்டாடியா கேட்டார்கள்? தன் உடம்பும் ஓர் உடம்பு, அது களைக்கும் என்று சொல்லத்தான் கேட்டார்கள். நாற்காலி கேட்பது இதை வேலை என்று ஒப்புக்கொள்ளச் சொல்வது. வேலை என்று ஆனபின்தான் அதைப் பங்கு போடச் சொல்லிக் கேட்க முடியும். அன்பு என்றும் கைமணம் என்றும் இருக்கும்வரை பங்கு கேட்டால் பாசமில்லாதவள் ஆகிவிடுவோம்.

அதனால்தான் கூடுதல் மேடையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இன்னொரு ஆள் வேலை செய்யும் இடமாக இருக்கட்டும் என்கிறேன். "உள்ள வந்தா உனக்கு இடைஞ்சல்" என்று சொல்லியே தப்பித்த ஆண்கள் எத்தனை பேர்! அந்தச் சாக்கைத் திட்ட வரைபடத்திலேயே அடைக்கலாம். எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே நாலடி விட்டால் இரண்டு பேர் முதுகோடு முதுகு இடிக்காமல் நிற்கலாம். இரண்டாவது வெட்டுப்பலகை, இரண்டாவது கத்தி, அவர் உயரத்துக்கு 36 அங்குலத்தில் ஒரு மேடை. இனி வராததற்கு வேறு காரணம் தேடட்டும்.

சமையலறை மாற்றப்போகும் ஒவ்வொருத்தியும் இந்த அளவுகளைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். செருப்புப் போட்டு நிற்கும் வழக்கமென்றால் செருப்போடு நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கைக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கழியுங்கள். நீங்கள் நின்று வேலை செய்யும் மேடையின் உயரம் அது. எங்கள் பழைய மேடை 34 அங்குலம். கொத்தனார் தன் இடுப்பை வைத்துக் கட்டியது. என் அளவு 32. இருபத்திரண்டு வருடம் அந்த இரண்டு அங்குலத்தை என் தோள்கள் தூக்கிக்கொண்டு நின்றன.

உட்கார்ந்து செய்யும் மேடைக்கு 28 முதல் 30 அங்குலம் போதும். சாய்மானமுள்ள 18 அங்குலச் சாதாரண நாற்காலி போதும். கீழே அலமாரி வைக்காமல் இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் விட்டால் முழங்கால் இடிக்காது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் அங்கே வேலை செய்ய முடியும். அடுப்பை ஒட்டி அமைக்காதீர்கள், எண்ணெய் தெறித்தால் மடியில் விழும். ஜன்னல் பக்கம் நல்லது. அதற்கும் இடமில்லையென்றால் சுவரில் மடக்குப் பலகை, அல்லது இழுப்பறைபோல வெளியே இழுக்கும் பலகை. ஒரு டிராயரை இழந்தால் ஓர் இருக்கை கிடைக்கும்.

இன்னொரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாற்காலியில் யார் உட்காரலாம்? எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, பத்து வருடமாகக் காபியைப் பின்வாசல் படியில் உட்கார்ந்துதான் குடித்தார். நான் அதைக் கவனித்ததில்லை என்று சொன்னால் பொய். கவனித்தும் கேட்காமல் இருந்தேன். புது நாற்காலி வந்தபின் "இங்க உக்காருங்கக்கா" என்றேன். "இருக்கட்டும்மா" என்று தரையில் உட்கார்ந்தார். அந்த 'இருக்கட்டும்'முக்குள் எத்தனை வீடுகள், எத்தனை தனித் தம்ளர்கள் என்று எனக்குத் தெரியும். மேடைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களிலும் இரண்டு வரிசை இருக்கிறது. என் கால்வலிக்கு நாற்காலி கேட்டுவிட்டு அவர் கால்வலிக்குப் படிக்கட்டைக் காட்டினால் டிசைனர் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவராகவே அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காபியை நீட்டினேன்.

எங்கள் வீட்டில் கடைசியில் பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே 30 அங்குலத்தில் ஒரு பலகையும் இரண்டு நாற்காலிகளும் வந்தன. அடியில் அலமாரி இல்லாததால் பல் விழுந்த வாய்போல இருக்கிறது என்று டிசைனர் தம்பி கடைசிவரை வருத்தப்பட்டார். இருக்கட்டும். நிற்க முடியாததால் ஆறு வருடமாகக் கூடத்தை விட்டு நகராத எழுபத்தெட்டு வயது அம்மா, இப்போது அங்கே வந்து உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், என்னோடு வம்பளக்கிறாள். பாதிக் கீரையில் "போதும்" என்று எழுந்தும் போய்விடுகிறாள். கணவர் வாரத்தில் மூன்று நாள் சமைக்கிறார். முதல் வாரமே, "ரொம்ப நேரம் நின்னா இடுப்பு வலிக்குது" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டார். அவருக்கு அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை. மீதி நாலு நாளுக்கான சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இப்போது அதை உட்கார்ந்தே போடுகிறேன்.